மேலும் கீழும் நெருப்பு

சிறுபாணாற்றுப்படையில் வீமனின் மடைநூல் பேசப்படும் பகுதியை மாணவர்க்கு விரித்துரைக்கும் நாம், ஒரு தட்டு தம்ரூட்டை ஒழுங்காக வேகவைக்கப் பல மாதங்கள் திண்டாடினோம் என்றால் கேட்போர் நகைப்பர். நகைக்கட்டும்.

ரவையைப் பாலும் சீனியும் சேர்த்துக் கிளறி, சூடு ஆறியபின் முட்டையும் நெய்யும் கலந்து தம்மில் இடும் பண்டம் தம்ரூட். நம் தாயார் கனத்த சட்டியைச் சிறு தணலின்மீது ஏற்றி, மூடியின்மேல் கொட்டாங்கச்சிக் கங்குகளைப் பரப்புவார். கீழே குறைவு, மேலே மிகுதி. கடிகாரம் பாரார். மூடிக்கு மேலே உள்ளங்கையைச் சற்று நேரம் பிடித்துப் பார்ப்பார். பின் ஒரு கங்கை எடுப்பார், அல்லது இரண்டைச் சேர்ப்பார். பெருநாள் காலையில் தெருவே அம்மணத்தில் விழித்தது என்றால் அது மகன் கூறும் மிகை. நம் வீடு விழித்தது என்பது மெய்.

எழுபதைக் கடந்தபின் தாயாரின் பார்வை மங்கியது. ஒருநாள் கங்கு சரிந்து சேலையின் ஓரம் கருகிற்று. இனி நெருப்பு வேண்டாம் எனத் தடுத்து, மின்சார ஓவன் ஒன்றை வாங்கி வைத்தோம். தாயார் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதனையே உடன்பாடு என நாம் கொண்டோம்.

அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்கு நாமே பொறுப்பேற்றோம். 180 டிகிரி, 45 நிமிடம் என்றது சமையல் நூல். அவ்வாறே திருகியைத் திருப்பினோம். தாயார் அருகில் வந்து, கதவுக்கு நேரே கையை நீட்டி, "தம்பி, இது ரொம்பச் சுடுது. கொஞ்சம் தணிச்சு வை" என்றார். "உம்மா, இது கங்கு இல்லை, எண் போட்டிருக்கு" என்று விடையிறுத்தோம். மேற்புறம் கரியாகி, நடுவே கூழாக வந்தது தம்ரூட். விருந்தினர் அமர்ந்திருக்க, "உம்மா சொன்ன அளவு பிசகிப் போச்சு" என்று நம் வாய் சொல்லிற்று.

அதன்பின் தாயார் அடுக்களைப் பக்கம் வரவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார்.

பிழை எங்கே எனத் தேடத் தொடங்கியது அந்த உறுத்தலினால்தான். சூடேறியதைக் காட்டும் விளக்கு அணைந்ததுமே தட்டை உள்ளே வைத்திருந்தோம். அந்நேரம் காற்றுதான் சூடாகியிருக்கும்; சுவர்கள் சூடேற மேலும் 10, 15 நிமிடம் பொறுத்தல் வேண்டும். கதவைத் திறந்து பார்க்குந்தோறும் வெப்பம் வெளியேறும். நாமோ ஐந்து முறை திறந்திருந்தோம். கரிய தட்டு வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும்; பளபளக்கும் அலுமினியத் தட்டு குறைவாகவே ஈர்க்கும். சிறிய ஓவனில் மேற்கம்பி பண்டத்தின் தலைக்கு மிக அருகில் இருப்பதால் தட்டைக் கீழடுக்கில் வைப்பது நலம். இத்தனையும் திருத்தினோம். மேற்புறம் கருகவே செய்தது.

இயற்பியல் துறை நண்பர் ஒருவர் எளிய சோதனை ஒன்று சொன்னார். சீனி ஏறத்தாழ 186 டிகிரி செல்சியஸில் உருகும். திருகியை 175இல் நிறுத்தி, நன்கு சூடேறிய பின் சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டிச் சீனியை 15 நிமிடம் உள்ளே வைத்தால் அது உருகலாகாது. நம் சீனி பாகாய் ஓடிற்று! பின்னர் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி அரைமணி நேரம் நோக்கினோம். கம்பி எரிந்தும் அணைந்தும் வருவதால் முள் ஏறி இறங்கியது. சராசரியாகக் கொண்டால், திருகி 180 காட்டும்போது உள்ளே 205. நூல் சொன்ன எண்ணும் சரி, தாயார் சொன்ன அளவும் சரி.

ஆறிய கிண்ணத்தை ஏந்திக்கொண்டு தாயாரின் அறைக்குச் சென்றோம். "நீங்க சொன்னதுதான் சரி, உம்மா. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நான் பேசினது தப்பு" என்றோம். உறைந்த பாகை அவர் விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு வார்த்தை கடிந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். "ரவை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை திருகி 155இல் நின்றது. ஓவனின் முன் நாற்காலி போட்டு அமர்ந்த தாயார், அவ்வப்போது கண்ணாடிக் கதவுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். 40ஆம் நிமிடத்தில், "ஈர்க்குச்சியால் குத்திப் பாரு" என்றார். ஈரமின்றி வந்தது. மேற்புறம் பொன்னிறம். ஆறவிட்டுத் துண்டமிட்டு, ஓரத்துண்டை முதலில் அவர் கையில் கொடுத்தோம். நெடுநேரம் மென்றார்.

"சீனி ஒரு கைப்பிடி குறைச்சல்" என்றார்.