அச்சம்... குளம்!

எங்கள் ஊர் அச்சங்குளத்தில் ஐஸ் என்றால் அது பெட்டிக்கடை குச்சி ஐஸ்தான். வெயிலும் வறட்சியும்தானே இந்தப் பட்டாசு பூமிக்குச் சோறு போடுகின்றன! ஆலையில் முப்பது வருஷம் சரம் பின்னிய என் மனைவிக்கு ஒரே ஆசை. "சாகறதுக்குள்ள ஒரு தடவை பனியைத் தொட்டுப் பார்க்கணுங்க!"

ஜூன் முதல் வாரம் கிளம்பினோம், உத்தரகண்டில் இருக்கும் ஹேம்குண்ட் ஏரிக்கு. காங்கரியாவிலிருந்து 6 கிலோமீட்டர்தான். ஆனால் 1,200 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறவேண்டும். மேலே குருத்வாராவில் ராத்திரி தங்க அனுமதியில்லை. அன்றைக்கே இறங்கியாகணும்.

"சதுரகிரி ஏறின காலு இது!" என்று ஜம்பமாகப் புறப்பட்டேன். பனியை வெட்டி ராணுவம் போட்டிருந்த பாதையில், பத்தடிக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. பாறை ஒன்றில் உட்கார்ந்து, "நீ போயிட்டு வா தாயி" என்றேன், தியாகி மாதிரி.

அவள் நகரவில்லை. "தினம் சாயங்காலம் நான் உசுரோட வர்றேனான்னு வாசல்ல நிப்பீங்களே... இன்னைக்கு மட்டும் என்னைத் தனியா அனுப்புவீங்களாக்கும்? எந்திரிங்க!"

எழுந்தேன்.

4,300 மீட்டர் உயரத்தில் ஏரி பாதி உறைந்து கிடந்தது. மருந்து பட்டுக் காய்த்துப்போன கையால் ஒரு பிடி பனியை அள்ளினாள்.

"ஏங்க... சுடுது!"

லங்கரில் தந்த சூடான டீ இறங்கிய பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது. "அச்சம் போச்சு. இனி குளம் மட்டும்தான்!" என்றேன்.

"அதை முதல்ல கீழே இறங்கிட்டுச் சொல்லுங்க" என்றாள்.