கதவைத் திறந்தால் போச்சு

ஆக்சிஜன் குறைந்த பெட்டியில் செல் வளர்ப்பவருக்கு முதல் எதிரி அதன் கதவுதான். உள்ளே 1 சதவீதம், வெளியே 21. உடம்புக்குள் பெரும்பாலான திசுக்கள் இந்த 21-இல் பாதியைக்கூடக் கண்டதில்லை. ஆய்வகம் 'நார்மல்' என்று சொல்வதே செல்லுக்குத் திகட்டல்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வாளர் ஒரு தட்டை இரவு முழுக்கப் பெட்டியில் வைத்திருந்தார். காலையில் வெளியே எடுத்தார், நிதானமாகக் கையுறை மாற்றினார், லேபிள் எழுதினார், அப்புறம்தான் ஐஸில் வைத்தார். ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் சேரும் ஹிஃப்-1 ஆல்ஃபா புரதம் தெரிய வேண்டிய 120 கிலோடால்டன் பக்கம் வெஸ்டர்ன் பிளாட்டில் வெறும் வெளுப்பு. ஆக்சிஜன் கிடைத்துவிட்டால் அந்தப் புரதத்தின் அரை ஆயுள் 5 நிமிடம்கூட இல்லை. ஒரு நொதி அதன் புரோலினில் ஹைட்ராக்சிலை ஒட்டும், வி.எச்.எல். புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும். இந்தச் சங்கதியைத் துலக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. நம் ஆய்வாளருக்குக் கிடைத்தது மறுபடி ஒரு ராத்திரி வேலை.

இப்போது மீடியத்தை முந்தின நாளே பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். செல்லை உடைக்கும் கரைசலையும் உள்ளேயே ஊற்றுகிறார். கோபால்ட் குளோரைடு கலந்தால் பெட்டியே இல்லாமல் ஹிஃப் நிலைக்கும் என்பார்கள். நிலைக்கும், ஆனால் அது மூச்சுமுட்டல் அல்ல, மூச்சுமுட்டுவதுபோல நடிப்பு.

ஆர்.என்.ஏ. இத்தனை அவசரப்படாது. அதன் குழப்பம் வேறு: எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த வடிவம் என்றும் கேட்க வேண்டும். கட்டிகளில் ஆக்சிஜன் குறைவுக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் சி.ஏ.9 மரபணுவையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முழு வடிவம் ஆக்சிஜன் குறையும்போது பெருகும். ஆர்.என்.ஏ.வை செல் வெட்டி ஒட்டும்போது 8, 9-ஆம் எக்ஸான்கள் விடுபட்டுப்போன குட்டை வடிவமோ ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் பொதுவான இடத்தில் அளப்பதற்கான பிரைமரை வைத்தால், நன்றாக மூச்சுவிடும் செல்லும் திணறுவதாகக் கணக்கு வரும்.

அதனால் விடுபடும் எக்ஸான்களுக்கு இருபுறமும் பிரைமர் வைத்து ஜெல்லில் ஓட்டினார். மேலே முழு வடிவம், கீழே குட்டை. 1 சதவீதத்தில் மேல் பேண்ட் தடித்தது. கீழ் பேண்ட் அசையவில்லை. சரிதான் என்று நிமிர்ந்தபோது, வெளிக்காற்றில் வளர்ந்த கட்டுப்பாட்டு வரிசையிலும் மேலே மெல்லிய கோடு. தட்டை நுண்ணோக்கியில் பார்த்தார். செல்கள் தோளோடு தோள் நெருக்கி, அடியில் இருந்த ஆக்சிஜனைத் தாங்களே தின்று தீர்த்திருந்தன.

பாதி எண்ணிக்கையில் மறுபடி விதைத்தார்.