உடும்பு உண்ண மறுத்த மாரி

மட்டக்களப்பு வாவியைக் காண வருவோர் பெரும்பாலும் பாடும் மீனின் ஒலியைக் கேட்கவே வருகின்றனர். நிலாக்காலத்திலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் தாழ்த்தி, மறு முனையைச் செவியிற் பொருத்திக் கேட்பது இவ்வூர் வழக்கம். அவ்விசையைப் பற்றி எழுதியோர் பலர். நான் இன்று எழுதப் புகுவதோ பாடவும் பேசவும் அறியாத ஒரு பிராணியைப் பற்றி. தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாத அவ்வுயிர், உணவை மறுத்தே எங்களுக்கு ஒரு பாடத்தைப் புகட்டிற்று.

வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கு இரு கரைகள். ஞாயிறு எழும் கிழக்குக் கரை எழுவான்கரை. அது மறையும் மேற்குக் கரை படுவான்கரை. எழுவான்கரை தென்னையும் மணலும் மீனவர் குடியிருப்பும் நிறைந்தது. படுவான்கரையோ வயலும் குளமும் பற்றைக்காடும் நிறைந்தது. நெய்தலையும் மருதத்தையும் நடுவே நீரை விட்டு எதிரெதிரே அமர்த்தியது போன்ற காட்சி இது.

பல்லியினத்துப் பெரியோர் இருவர் இந்நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டுள்ளனர். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே நீந்தி, மீனும் நண்டும் இறந்த உடல்களும் தின்று வாழ்வது கபரகொய்யா. வயல் வரம்புகளிலும் கறையான் புற்றுகளிலும் மரப் பொந்துகளிலும் வாழ்ந்து, வண்டும் புழுவும் நத்தையும் முட்டையும் தேடித் தின்பது உடும்பு. 1660இல் கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலிலேயே இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறியுள்ளார்.

என் தமக்கையின் மகன் பத்து வயதுச் சிறுவன். சென்ற ஆண்டு ஆவணி மாதம், சிறுபோக வேளாண்மை வெட்டு நடந்தபோது, படுவான்கரையில் உறவினர் வயலுக்குச் சென்றவன் ஒரு முழ நீளமுள்ள உடும்புக் குட்டியொன்றைச் சாக்கிலே இட்டுக் கொண்டு வந்தான். கல்வி கற்பிப்பவனாகிய நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. மாறாக, பலகைப் பெட்டியொன்றுக்குக் கம்பிவலை அடித்துக் கொடுத்தவனும் நானே. பிள்ளை ஒரு பிராணியை நேசிப்பது நன்றென்றே எண்ணினேன்.

முதல் ஒன்றரை மாதம் அது கொடுத்ததையெல்லாம் தின்றது. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் உணவைக் குறைத்தது. கார்த்திகையிலே அறவே நிறுத்திவிட்டது. முட்டை வைத்தோம், இறால் வைத்தோம், கருவாடும் வைத்தோம். அது கண்களை மூடிக்கொண்டு மூலையில் கிடந்தது. வாலின் அடிப்புறம் மெலிந்து, இடுப்பெலும்பு புடைத்துத் தோன்றலாயிற்று.

"மாமா, இது ஏன் தின்னுது இல்லை? என்னோடு கோபமா?" என்று சிறுவன் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. இலக்கணம் கற்பிப்பவனுக்கு உடும்பின் வயிற்றைப் பற்றி என்ன தெரியும்? கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரை அழைத்து வந்தேன்.

அவர் உடும்பைப் பார்க்குமுன் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். மழைக்காகப் பின்புறத் தாழ்வாரத்தில், வெயிலே படாத சுவரோரம் அதனை வைத்திருந்தோம். "நோய் உடும்பிலே இருக்கிறதோ இல்லையோ, இந்த மூலையிலே இருக்கிறது" என்றார் அவர்.

அவர் விளக்கியவற்றின் சாரம் இது. நாம் உண்ணும் உணவே நம் உடலுக்கு வெப்பம் தருகின்றது. பல்லியினம் அவ்வாறன்று, அது வெப்பத்தை ஞாயிற்றிடமிருந்து கடன் வாங்குகின்றது. உடல் போதிய சூடேறிய பின்னரே உடும்பு இரை தேடும். அச்சூட்டிலேயே இரை செரிக்கும். குளிர்ந்த உடலிலே இரை விழுந்தால் அது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். ஆகவே பசி அடங்குவது உடலின் தற்காப்பு. அந்நிலையில் வாயைப் பிளந்து உணவைத் திணிப்பது பெருந்தீங்கு.

குளிர் ஒன்றே காரணமன்று. தோல் உரிக்கும் காலத்தில் பல்லிகள் உண்பதைக் குறைக்கும். முட்டை சுமக்கும் பெண்ணும் அவ்வாறே. வயிற்றுப் புழுவாலும், வாய்ப் புண்ணாலும், மணல் முதலியன குடலை அடைப்பதாலும் உணவு வெறுக்கும். அவற்றுக்கு மிருக வைத்தியரை நாடவேண்டும். இவற்றோடு அச்சமும் ஒரு காரணம். மறைவிடம் இல்லாத பெட்டியிலே, நாளெல்லாம் முகங்கள் எட்டிப் பார்க்க, அடிக்கடி கைகள் தூக்க, எந்தக் காட்டுயிர் நிம்மதியாக உண்ணும்? பிள்ளையின் அன்பையே அது பகையாக உணர்ந்திருக்கலாம் என்று நண்பர் சொன்னபோது சிறுவனின் முகம் வாடியது.

நண்பர் மேலும் ஒன்று கூறினார். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி உடும்பு பாதுகாக்கப்பட்ட பிராணி. அதனைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். நான் தலைகுனிந்தேன். மறுநாளே வனசீவராசிகள் அலுவலர் ஒருவரிடம் உண்மையைச் சொன்னோம். உடல் தேறியதும், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுமாறு அவர் பணித்தார்.

பெட்டியை முன்முற்றத்துக்கு மாற்றினோம். ஒரு பாதியிலே காலை வெயில் விழ, மறு பாதி நிழலாயிருக்குமாறு வைத்தோம். உடைந்த பானையொன்றைக் கவிழ்த்து ஒளிந்துகொள்ள இடம் செய்தோம். தண்ணீர்த் தட்டு வைத்தோம். சாக்கினால் மூன்று புறமும் மறைத்தோம். தொடவும் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாதென்பது கட்டளை. மழை விட்டு வெயில் எறித்த நான்காம் நாள், வைத்திருந்த வண்டுகளும் வெட்டுக்கிளிகளும் காணாமற் போயின. சிறுவன் துள்ளிக் குதித்தான். ஆனால் ஓசையின்றிக் குதித்தான்.

தை பிறந்து, வானம் வெளித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். முன்னாளிலே மண்முனைத் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்தே வாவியைக் கடப்போம். 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின் சில நிமிடங்களிலே அக்கரை சேர்ந்து விடலாம். பாலத்தின் இருமருங்கும் நீர் வெள்ளித் தகடாய் மின்னியது. வீச்சுவலை வீசுவோர் இடுப்பளவு நீரில் நின்றனர். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரை வணங்கிவிட்டு வயற்புறம் நடந்தோம். பெரும்போகப் பயிர் காற்றிலே அலைமோதிக் கொண்டிருந்தது.

வரம்பிலே நின்ற முதியவர் ஒருவர் எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார். "மாரிக்குள்ள உடும்பு புத்துக்குள்ளதான் கிடக்கும் மனே. வெயில் எறிச்சா வெளிய வரும். மறுகா தானே தேடித் தின்னும்" என்றார். நண்பரின் விரிவுரை முழுவதும் அம்மூன்று வாக்கியங்களில் அடங்கியிருந்தது.

கறையான் புற்றொன்றின் அருகே சிறுவன் பெட்டியைத் திறந்தான். உடும்பு உடனே ஓடவில்லை. பிளந்த நாவை நீட்டி நீட்டி மண்ணின் வாசனையை அறிந்தது. வெயில் படும் இடத்திற்கு நகர்ந்து, உடலைத் தட்டையாக்கிச் சற்று நேரம் கிடந்தது. பின்னர் ஒரே பாய்ச்சலாகப் பற்றைக்குள் மறைந்தது.

"அது என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, மாமா" என்றான் அவன். குரல் தழுதழுத்தது.

"அதற்கு இனி நம்மிடம் வேலையில்லை, தம்பி. அது சுகமாக இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?" என்றேன்.

திரும்பும்போது ஞாயிறு படுவான்கரையிலே சாய்ந்து கொண்டிருந்தது. பாலத்தின் நடுவே சிறுவன் நிற்கச் சொன்னான். கீழே கண்டல் வேர்களுக்கிடையே ஒரு கபரகொய்யா மெல்ல நீந்திச் சென்றது. பிடிக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றான்.