எள்ளுத் தாத்தாவைத் தேடி

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பர் பெரியோர். எங்கள் குடும்பமோ நதியுமன்று, ரிஷி பரம்பரையுமன்று. புனே நகரில் ஐந்து தலைமுறையாக வாழ்ந்துவரும் எளிய தமிழ்க் குடும்பம். ஆதலால் எங்கள் மூலத்தை ஆராய்வதில் குற்றமில்லை என்று துணிந்தோம். கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்து இரண்டாண்டுகள் செய்த தேடலாகையால், 'நாங்கள்' என்றே இதனை எழுதுகிறோம்.

எங்கள் இல்லத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. எங்கள் எள்ளுத் தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில், வாலாஜாவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரை விட்டுக் கால்நடையாகவே இப்பக்கம் வந்தார். வந்தவர் தம் உழைப்பால் உயர்ந்து ஸ்டேஷன் மாஸ்டர் ஆனார் என்பதே அக்கதை. அதைச் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவர் எண்பத்து மூன்று வயதான எங்கள் அத்தை. எங்களில் ஒருவர் மெட்ரிக் தேறி, ரயில்வேயில் கடைநிலை வேலையில் சேர்ந்து, பின்னர் துறைத் தேர்வு எழுதி எழுத்தர் ஆனார். அன்று அத்தையை வணங்கியபோது, "ஸ்டேஷன் மாஸ்டர் வம்சத்திலே ஒரு குமாஸ்தா! இருக்கட்டும்பா, அதுவும் ரயில்வேதானே" என்று ஆசி கூறினார். அந்த ஆசியில் கலந்திருந்த சிறு கசப்பு நெடுநாள் எங்கள் நெஞ்சில் தங்கியிருந்தது.

நிற்க. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளைப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதிவரச் சொன்னார்கள். நாங்கள் இக்கதையைப் பெருமிதத்தோடு சொன்னோம். எழுதிக்கொண்டே வந்த குழந்தை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, எந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர்?" என்று கேட்டாள். எங்களுக்கு விடை தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியே எங்களைத் தேடலில் இறக்கிவிட்டது.

முதலில் வீட்டுப் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். அதில் மூன்று பொருள்கள் கிடைத்தன. ஒன்று, அவர் பெயரும் ஊர்ப் பெயரும் பொறித்த பித்தளைச் சொம்பு. மற்றொன்று, அவருடைய மகனின் ஜாதகம். மூன்றாவது, மடித்து மடித்து நைந்துபோன ஒரு மணியார்டர் கூப்பன்.

ஜாதகத்தில் 'விரோதி வருஷம்' என்று இருந்தது. நம் தமிழ் வருஷங்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழன்று வருவன. தாது என்றால் 1816-ம் ஆகலாம், 1876-ம் ஆகலாம், 1936-ம் ஆகலாம். விரோதியும் அப்படியே. ஜாதகத்தை மட்டும் நம்பினால் அறுபதாண்டு தவறிவிடக்கூடும். எங்கள் நற்பேறாக மணியார்டர் கூப்பன் துணைக்கு வந்தது. இந்தியாவில் அஞ்சல் துறை மணியார்டர் முறையைத் தொடங்கியதே 1880-ஆம் ஆண்டில்தான். ஆகவே மகன் பிறந்த விரோதி 1889-90 என்பதும், தாத்தாவின் தாது வருஷம் 1876-77 என்பதும் உறுதியாயின. கூப்பனில் இருந்த அஞ்சல் முத்திரை புனே அன்று, தவுண்டு. ஊரில் இருந்த தாய்க்கு மூன்று ரூபாய் அனுப்பியிருக்கிறார். கீழே தமிழில் இரண்டு வரி இருந்தது. இறுதிச் சொல் மடிப்பில் சிதைந்திருந்தமையால் அப்போது எங்களால் வாசிக்க முடியவில்லை.

அடுத்து அரசாங்கப் பதிவேடுகளை நாடினோம். பலரும் எண்ணுவதுபோல் நாங்களும் மக்கள்தொகைக் கணக்கில் பெயர் கிடைக்கும் என்று எண்ணினோம். அஃது ஏமாற்றமே. அக்காலக் கணக்கெடுப்பில் தலைகளைக் கூட்டித் தொகை எழுதினார்கள். வீடுவீடாக எழுதிய தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் சட்டமோ, கணக்கெடுப்புத் தாள்களை எவரும் பார்வையிடலாகாது என்று தடுக்கிறது. விடுமுறையில் ஊருக்குச் சென்று பழைய நிலப் பதிவேட்டைப் பார்த்தோம். நிலம் உடையவர் பெயரே நிலப் பதிவேட்டில் ஏறும். எங்கள் தாத்தாவுக்கு அங்கே ஒரு சாண் நிலமும் இல்லை.

கடல் கடந்து சென்ற நம்மவரை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டவரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலில் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் பட்டியலில் உண்டு. மொரீஷியஸ் தீவில் அக்காலப் பதிவேடுகளை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்து வருகிறது. அவர்களுடைய சந்ததியார் இன்று அவ்வெண்ணைப் பிடித்துக்கொண்டு தம் கிராமத்தைத் தேடி வருகிறார்கள். ஆனால் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவருக்குக் கப்பலும் இல்லை, பட்டியலும் இல்லை. நடந்தவர் பெயரைப் பாதை எழுதி வைப்பதில்லை.

எஞ்சியது ரயில்வே. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் சென்னை ராயபுரத்திலிருந்து எங்கள் ஊர்ப்பக்கமாகிய வாலாஜா வரையில் ஓடிற்று. 1871-இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. எனவே பஞ்சக் காலத்தில் புனேவுக்கு ரயில் இருந்தது. தாத்தாவிடம் கட்டணம்தான் இருந்திராது. நடந்து வந்தார் என்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அப்பஞ்சம் சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை, தக்காணத்தையும் வாட்டியது. மொத்தத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். பஞ்சத்தை விட்டு ஓடியவர் பஞ்சத்துக்குள்ளேயே வந்திருக்கிறார்! ஏன் வந்தார்? தவுண்டு என்னும் முத்திரையே விடை கூறிற்று. தவுண்டிலிருந்து மன்மாடு செல்லும் ரயில்பாதைக்கு அப்பஞ்ச நாளில்தான் நிவாரணக் கூலிகளைக் கொண்டு மண் வெட்டினார்கள். 1878-இல் பாதை திறக்கப்பட்டது. மண்வெட்டி பிடித்து வந்தவர் பாதையோடே தங்கிவிட்டார் என்று கொண்டோம்.

ஆனால் ஊழியர் பதிவேடு? இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைய ஜி.ஐ.பி. ரயில்வே 1925-இல் அரசாங்க நிர்வாகத்துக்கு வந்தது. 1951-இல் மத்திய ரயில்வேயின் பகுதியாயிற்று. இத்தனை கைம்மாற்றங்களுக்கிடையே தினக்கூலிகளின் வருகைப் பட்டியல் எப்படி மிஞ்சும்? எங்களில் ஒருவருடைய அலுவல்களுள் ஒன்று, காப்புக் காலம் கடந்த தாள்களைப் பட்டியலிட்டுக் கழிப்பது. எத்தனையோ பேருடைய தாத்தாக்கள் அக்கட்டுகளில் இருந்திருப்பார்கள். விதிப்படி செய்ததே, எனினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இறுதியாக, புனேயில் பழைய இறப்புப் பதிவேடுகள் உள்ள ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். பலமுறை நடந்த பின்னர் ஏடு வந்தது. எழுத்தோ மோடி எழுத்து. மராத்தியரின் பழைய கூட்டெழுத்து. தஞ்சை மராத்திய மன்னரின் ஆவணங்களும் இவ்வெழுத்தில்தான் உள்ளன. புனேயில் பிறந்து மராத்தி பயின்ற மனைவியாலும் ஓரெழுத்துக்கூடப் படிக்க இயலவில்லை. அண்டை வீட்டு முதியவர், ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியர், எங்களுக்காக மூன்று சனிக்கிழமைகள் உடன் வந்து அமர்ந்து, விரலை வைத்துப் படித்துத் தந்தார். தாத்தாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அது ளகரமாகி, பெயரும் பாதியாகி, 1897 மார்ச்சு மாதத்து ஏட்டில் ஒரு வரியாகக் கிடந்தது. வயது நாற்பது. சாதி என்ற இடத்தில் 'மதராசி'. தொழில், கலாசி. காரணம், பிளேக். தகவல் தந்தவர், மனைவி. அவ்வளவே.

ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, கலாசி. சரக்குத் தூக்கியும் வண்டி தள்ளியும் பிழைத்த கூலி. வீடு திரும்பும் வழியில் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் கூப்பனை வெளிச்சத்தில் வைத்து மீண்டும் பார்த்தோம். சிதைந்திருந்த சொல் இப்போது பிடிபட்டது: 'ஸ்டேஷன் மேஸ்திரி'. கலாசிக் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்திருக்கிறார். ஏட்டை எழுதியவருக்கு மேஸ்திரியும் கலாசிதான். மேஸ்திரி என்பது போர்ச்சுகீசியரிடமிருந்து நம் மொழிக்கு வந்த சொல். ஆங்கில மாஸ்டருக்கு உறவுச் சொல். மூன்று தலைமுறை வாய்வழி வந்ததில் மேஸ்திரி மாஸ்டராகிவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை.

எனினும் எங்கள் மனத்தில் நின்றது அதுவன்று. 'தகவல் தந்தவர், மனைவி' என்ற சொற்களே. 1897-ஆம் ஆண்டுப் புனே எத்தகையது என்று நினைத்துப் பாருங்கள். பிளேக் அதிகாரி ராண்டின் ஆணைப்படி வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்தார்கள். நோயாளியை மருத்துவமனைக்கும், வீட்டாரைத் தனி முகாமுக்கும் கொண்டு சென்றார்கள். மக்கள் கொதித்திருந்தனர், அவ்வாண்டு ஜூன் 22-இல் ராண்ட் சுடப்பட்டார். நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் புலே அம்மையாரே மார்ச்சு 10-இல் அந்நோய்க்கு இரையானார். முகாமுக்கு அஞ்சிப் பலர் சாவை மறைத்த காலம் அது. மொழி தெரியாத ஊரில், கையில் ஏழு வயதுப் பிள்ளையோடு, அந்தப் பெண் மறைக்காமல் சென்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதனாலேயே எங்கள் தாத்தா ஏட்டில் இருக்கிறார். ஆனால் ஏட்டில் அவருக்குப் பெயர் இல்லை.

அத்தையிடம் சொல்வதா, வேண்டாவா என்று ஒரு வாரம் தயங்கினோம். எண்பத்து மூன்று வயதில் ஒருவருடைய பெருமையைப் பறிக்க எங்களுக்கு என்ன உரிமை? பிறகு, மெய்யை மறைப்பது அந்தப் பாட்டிக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றவே, அருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். அத்தை நெடுநேரம் பேசவில்லை. "மூட்டை தூக்கினாரா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம் அத்தை" என்றோம். "தூக்கினதாலேதான் நாம இருக்கோம்" என்றார். பாட்டியின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லையே என்று வருந்தினோம். அத்தை வியப்போடு எங்களைப் பார்த்தார். "அதுக்கா இத்தனை அலைச்சல்? என் பெயர்தான்பா அவங்க பெயர். எங்க பாட்டி தன் மாமியார் பெயரைத்தான் எனக்கு வெச்சாங்க. முன்னமே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

நாங்கள் கேட்கவே இல்லை. ஏடுகளையெல்லாம் புரட்டியவர்கள், எதிரே இருந்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தோம்.

அன்பர்களே, நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய தகரப் பெட்டி இருக்கும். இத்தகைய அத்தையும் இருப்பார். பெட்டி காத்திருக்கும், அத்தை காத்திரார். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அருகே அமருங்கள். பாட்டிமார்களின் பெயரை முதலில் எழுதுங்கள். தாத்தாக்களின் பெயரையேனும் சொம்பும் ஏடும் சுமக்கும். எங்கள் மகள் தன் பள்ளிக் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். ஸ்டேஷன் மாஸ்டர் என்றிருந்த இடத்தில் மேஸ்திரி என்று போட்டாள். அதற்கு மேலே, முதல் வரியாக, தன் எள்ளுப் பாட்டியின் தாயாகிய அந்தப் பெண்ணை—இல்லை, உறவுமுறை எங்களுக்கே குழம்புகிறது—அத்தையின் பெயரை உடைய அந்தப் பெண்ணை எழுதினாள்.