தண்டோராப் பெட்டி

எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் ஸ்விட்ச் என்றால் மோட்டார் கொட்டகைச் சுவரில் இருப்பதுதான். கம்பெனி கம்பெனியாகப் போய் ஸ்விட்ச் மாட்டுகிறேன் என்று சொன்னபோது பெரியப்பா, "இதுக்காடா காலேஜ் படிச்சே?" என்று கேட்டார். இது வேறு ஸ்விட்ச், கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் வைப்பது, முன்பெல்லாம் அந்த இடத்தில் ஹப் இருந்தது என்று ஆரம்பித்தேன். "ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றார். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய பதில் அப்போது வாயில் வரவில்லை. சட்டென்று சொன்னேன்: "ஹப்புன்றது தண்டோரா பெரியப்பா."

செய்யாற்றில் தண்ணீர் வருகிறது, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று சிறுவயதில் தண்டோரா கேட்டிருக்கிறேன். ஆற்றங்கரையில் மாடு மேய்ப்பவருக்குப் போக வேண்டிய சேதி. ஆனால் மாடே இல்லாதவர் வாசலிலும் அதே தமுக்கு, அதே குரல். தனக்கில்லை என்று தெரிந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள். ஹப்பும் அப்படித்தான். ஒரு ஓட்டையில் வரும் மின்துடிப்பைத் தெம்பேற்றி மற்ற எல்லா ஓட்டைகளிலும் தள்ளிவிடும். சேதியின் தலைப்பில் பெறுநர் முகவரி இருக்கிறது. அதைப் படிக்க ஹப்புக்குத் தெரியாது. எட்டுக் கம்ப்யூட்டர் இருந்தால், ஒன்று பேச ஏழும் கேட்கும். ஆறு அதைக் கீழே போட்டுவிடும். போடாமல் உட்கார்ந்து ஒட்டுக்கேட்க நினைத்தாலும் தடுக்க ஆளில்லை.

உவமை ஒரு இடத்தில் உதைக்கிறது. தமுக்கு அடித்தவருக்கு ஊரில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை மாடு என்பதெல்லாம் அத்துப்படி. யாரிடம் சொன்னால் போதும் என்பதும் அவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்டதில்லை. பிறப்பை வைத்துத் தலையில் கட்டிய வேலை அது; கத்துவது மட்டும்தான் அவர் பங்கு. 2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாமே என்றது கடிதம். ரொம்பத் தாமதம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஹப்பின் நிஜமான தொல்லை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான். இரண்டு சேதியும் மோதி, இரண்டும் குப்பை. மோதியதை உணர்ந்ததும் இருவரும் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு குருட்டுக் கணக்கில் சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். மறுபடி மோதினால் காத்திருப்பின் வரம்பு இரட்டிக்கும். பதினாறு தடவையும் மோதினால் அந்தச் சேதியைக் கைவிட்டுவிட வேண்டியதுதான். 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட் என்ற இந்த இணைப்பு முறையை யோசித்த ராபர்ட் மெட்காஃப், ஹவாய்த் தீவுகளில் ஒரே வானொலி அலைவரிசையைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கிட்டுக்கொண்ட அலோகா என்ற ஏற்பாட்டிலிருந்துதான் இந்த வழிக்கான யோசனையைப் பிடித்தார். பத்துப் பேருக்குள் பிரமாதமாக ஓடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போன ஒரு அலுவலகத்தில் இருபது பேர் இருந்தார்கள். பதினாறு ஓட்டை ஹப் இரண்டைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மோதலைக் காட்ட அதில் ஒரு சிறு விளக்கு உண்டு. காலை பத்து மணிக்கு எல்லோரும் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த விளக்கு எரிய ஆரம்பிக்கும். பிறகு சாப்பாட்டு நேரம் வரை அணையாது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் இருபத்து நான்கு ஓட்டை ஸ்விட்ச் ஒன்று வாங்கி வந்து மாற்றினேன். வெளிப்பார்வைக்கு அதே தகரப் பெட்டி. பெரிய எழுத்தர் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி இவ்ளோ வெல?" என்றார்.

விலை உள்ளே இருக்கும் பட்டியலுக்கு. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சேதி வரும்போது, அனுப்பியவர் முகவரியைப் பார்த்து, இன்னார் இந்த ஓட்டைக்குப் பின்னால் இருக்கிறார் என்று ஸ்விட்ச் குறித்துக்கொள்கிறது. அடுத்து அவருக்குச் சேதி வந்தால் அந்த ஓட்டைக்கு மட்டும் போகும். பக்கத்து இரண்டு பேர் அதே நேரம் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், மோதாது. இப்படிப் பல ஓட்டைகள் வைத்த முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் கல்பனா. நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் நம் நாட்டு வம்சாவளிக்காரர். மனைவி பெயரையே வைத்துவிட்டார். கற்பனை என்ற பொருளும் சும்மா கிடைத்தது. அந்தப் பெட்டியில் ஏழே ஓட்டைகள். 1994-இல் கல்பனாவையே சிஸ்கோ என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது.

ஸ்விட்சுக்கு யாரும் பட்டியல் எழுதிக் கொடுப்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் பிடித்த விஷயம். வாய் திறந்தவர்களை மட்டுமே அதற்குத் தெரியும். வழக்கமாக 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம், ஒருவர் பேசாமலிருந்தால் பெயரை அழித்துவிடும். பிறகு அவருக்குச் சேதி வந்தால்? வந்த ஓட்டை தவிர மற்ற எல்லா ஓட்டைகளிலும் போடும். சுத்தமான தண்டோரா. போதாதற்கு, இந்த முகவரி யாருடையது என்று கம்ப்யூட்டர்கள் அடிக்கடி பொதுவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்வியையும் எல்லோருக்கும் கொண்டுபோக வேண்டும்.

இந்தத் தண்டோரா எவ்வளவு தூரம் போகும் என்று மறுவாரமே தெரிந்தது. அலுவலகம் மொத்தமும் நின்றுவிட்டது என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தாற்போல மின்னிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கேபிளாகத் தடவி வந்ததில், ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில் செருகியிருந்தது தெரிந்தது. கூட்டிப் பெருக்கும் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "ஒயரு தொங்கிக்கினு இருந்துச்சுப்பா, ஓட்ட காலியா இருந்துச்சு, சொருகிட்டேன்." பொதுவாகப் போட்ட ஒரு கேள்வி ஒரு முனையில் வெளியேறி மறுமுனையில் புதுச் சேதிபோலத் திரும்பி வந்து, மறுபடி எல்லோருக்கும் போயிருக்கிறது. ஈதர்நெட் சேதிக்கு ஆயுள் கணக்கு கிடையாது, நிறுத்தும்வரை சுற்றும். இப்படிச் சுழலும் வழியைத் தானாக அடைத்துவிடும் முறையை ராடியா பெர்ல்மன் 1985-லேயே வகுத்துவிட்டார். நான் வாங்கியது அதெல்லாம் இல்லாத மலிவுப் பெட்டி. தப்பு அக்கா மேல் இல்லை என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு, காலி ஓட்டைகளை டேப் போட்டு ஒட்டினேன்.

ஹப் இப்போது கடையில் கிடைப்பதில்லை. என் பையில் மட்டும் பழைய எட்டு ஓட்டை ஹப் ஒன்று கிடக்கிறது. மலிவு ஸ்விட்ச் அடுத்தவர் பேச்சை என் லேப்டாப்புக்குக் காட்டாது. நடுவில் இந்தத் தண்டோராப் பெட்டியைச் செருகினால் எல்லாம் கேட்கும். போன மாதம் ஒரு இடத்தில் இன்டர்நெட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஹப்பைப் போட்டு, கேபிளில் போகும் சேதிகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தேன். வெளிவாசல் முகவரி யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்று ரவுட்டர். இன்னொன்று, செல்போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து, பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த வைஃபை பெட்டி.