நாளைக்கு வா என்றேன்

பட்டணத்துக்குப் போகும்போது கடை ஐந்தடியில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். "குடிகாரக் கூட்டம்" என்று முணுமுணுத்தபடி, பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்திருப்போம். நானும் அப்படி நடந்தவள்தான். சென்ற பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். "அத்தை, இன்னைக்கு ராத்திரி என்னோட வாங்களேன்" என்று அண்ணன் மகள் அழைத்தாள். போனேன்.

அவளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வாரம் ஒருநாள் புடு, மஸ்ஜிட் இந்தியா பக்கம் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறவர்கள். நகர மையத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் இப்படிச் சோறு கொடுக்கக்கூடாது என்று 2014-இல் அமைச்சர் ஒருவர் சொல்லி, பெரிய எதிர்ப்பு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சோறு கொடுப்பதோடு வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சோறு, பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு. முதல் வாரம் பெயர்கூடச் சொல்லமாட்டார்களாம். நாலைந்து வாரம் அதே முகம், அதே நேரத்தில் போய் நின்றால்தான் வாய் திறக்கும். அப்புறம்தான் ஐ.சி. இருக்கிறதா, சொந்தக்காரர் யார், என்ன வேலை தெரியும் என்று கேட்கிறார்கள்.

ஜாலான் பகாங்கில் 2017-இல் திறந்த இடைத்தங்கல் நிலையத்துக்கு அழைத்துப் போனால் படுக்க இடம் கிடைக்கும். ஆனால் அது கொஞ்ச நாளைக்குத்தான். நிலையான வீடு வேண்டுமென்றால், மாதம் 124 வெள்ளி வாடகையில் அரசாங்கத்தின் பி.பி.ஆர். அடுக்குமாடி இருக்கிறது. அதற்கு மனுப்போட ஐ.சி. வேண்டும். வெளியில் அறை எடுக்கலாம் என்றால் முன்பணம் கேட்பார்கள். சம்பளமில்லாமல் முன்பணம் ஏது? ஐ.சி. இல்லாமல் நல்ல சம்பளம் ஏது? இந்த முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்க்கத்தான் அந்தப் பிள்ளைகள் அலைகிறார்கள்.

நம் தோட்டத்து மக்களுக்கு இது புதிதில்லை. வேலையோடு வந்த லயத்து வீடு, வேலை போனால் அதுவும் போகும்.

அன்று ஒரு மூடிய துணிக்கடை வாசலில் தாடி வைத்த ஒருவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தான். பிறகு சட்டென்று எழுந்து நின்றான்.

"டீச்சர்!"

2002-இல், நான் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த முதல் ஆண்டில், ஆறாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன். கணக்கில் கெட்டிக்காரன். பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய ஐ.சி.யை எடுக்கவில்லை. அப்பன் சாவு, கடன், பள்ளியை விட்டு நின்றது என்று ஒன்றன்பின் ஒன்று. பிறகு தோட்டம் கைமாறிக் குடும்பம் வெளியேறியபோது பத்திரங்களும் தொலைந்தன.

2007-இல் ஒருநாள் அவன் பள்ளிக்கு வந்தான். பிறப்புப் பத்திர நகல் பள்ளிக்கோப்பில் இருக்குமா என்று கேட்டான். நான் விளையாட்டுப் போட்டி வேலையில் இருந்தேன். பழைய கோப்புகள் இருந்த அலமாரியைத் திறந்தால் கரையான். "நாளைக்கு வா" என்றேன். அவன் வரவில்லை. நானும் தேடவில்லை.

ஐந்தடியில் நின்றுகொண்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மன்னிச்சிருங்க டீச்சர், அன்னைக்கு பஸ்ஸுக்குக் காசில்ல, அதான் மறுநா வர முடியல." மன்னிப்பு கேட்டது அவன்! எனக்கு நாக்கு எழவில்லை.

விடுமுறை முடியும்வரை காத்திருக்காமல் மறுநாளே ஊருக்குத் திரும்பித் தலைமையாசிரியரிடம் சாவி வாங்கினேன். கோப்பு போயிருந்தது. ஆனால் சேர்க்கைப் பதிவேடு இருந்தது. ஓரமெல்லாம் அரித்திருந்தாலும் அவன் பெயர், தாய் தந்தை பெயர், பிறப்புப் பத்திர எண் எல்லாம் நீல மையில் தெளிவாக இருந்தன. எனக்கு அதற்கு எடுத்த நேரம் அரைமணி.

அந்த எண்ணை வைத்துப் பதிவிலாகாவில் பத்திரத்தின் நகல் எடுத்தாயிற்று. ஐ.சி. இத்தனை தாமதமானது ஏன் என்று விசாரிக்கிறார்கள். இதற்கிடையில் அண்ணன் மகளின் கூட்டாளிகள் முன்பணத்தைத் தாங்களே கட்டி, செந்தூலில் ஒரு கடையின் மேல்மாடியில் அவனுக்கு அறை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறான். ஜன்னல் இல்லாத அறைதான். கதவுக்குப் பூட்டு இருக்கிறது என்று அவனுக்கு அத்தனை மகிழ்ச்சி.

அடுத்த மாதம் என்னையும் பதிவிலாகாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், இவன்தான் அவன் என்று சொல்ல. இன்று காலையே விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.