ஓட்டில் தெரியும் நேற்று

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளில் வேலை பார்ப்பவரை ‘முட்டை எடுக்கிற ஆள்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இடுவது கோழி, அதை எடுத்து அட்டைக்கு 30 என்று அடுக்குவதில் என்ன தொழில் இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம். கொட்டகைகளுக்குள் நின்று பார்த்தபின் அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் கோழிக்குச் சேவல் துணை வேண்டியதில்லை; சேவல் சேராத முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. மஞ்சள்கரு சினைப்பையிலிருந்து கழன்று, முழு முட்டையாக வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம். வெள்ளைக்கரு சேர 3 மணி நேரம் போதும். ஓடு கட்டத்தான் 20 மணி நேரம். ஆகவே காலையில் கைக்கு வரும் ஓட்டில் இருப்பது நேற்றைய தீவனமும் தண்ணீரும் வெயிலும். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவரைக் கூலியாள் என்பது எப்படிச் சரியாகும்?

ஓர் ஓட்டுக்கு 2 கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் கட்டுகிறது. இருட்டில் கோழி தீவனம் தொடாது. அதனால்தான் பொடியாக இல்லாமல் குருணையாக உடைத்த கிளிஞ்சலைப் பிற்பகலில் போடுகிறார்கள். குருணை கோழியின் அரைவைப்பையில் தங்கி, விடியும்வரை மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். சாயங்காலம் தொட்டியோரம் நடந்தபடியே அடியில் படிந்த தீவனத்தை விரலால் கிளறிவிடுகிறார்கள். சும்மா கிடந்த தீவனம் அசைந்ததும் கோழிகள் தலையை நீட்டிக் கொத்தத் தொடங்குகின்றன. நாளைய ஓட்டின் கனம் அந்த விரல்களில் இருக்கிறது. இரவுக்குள் சுண்ணாம்பு போதாமல் போனால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். நாளடைவில் கால் வலுவிழந்து கூண்டிலேயே உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த ஒன்றைப் பல நூறு கோழிகளுக்கு நடுவில் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். சித்திரை வெயிலில் கோழி வாய் திறந்து இரைக்கும்போது கரியமிலவாயு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்குரிய சரக்கு ரத்தத்தில் குறைந்துவிடும். கூரையில் எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதை ஓடு மெலிவதற்கு முன்பே இரைப்பின் வேகம் சொல்லிவிடுகிறது.

இயந்திரம் வந்துவிட்டதே என்பார்கள். வார்ப்பட்டை முட்டையை நன்றாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான முட்டைகள் அதில் கலந்தபின், மெலிந்த ஓடு எந்த வரிசையிலிருந்து வந்தது என்பது எளிதில் தெரியாது. கையால் எடுப்பவருக்கு அந்த வரிசை தெரியும். சிறகு விரிக்கக்கூட இடமில்லாத கூண்டில் அடைத்துவிட்டுக் கைத்திறன் பேசலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. கூண்டு கொடுமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழி நிழலையும் மண்ணையும் சுண்ணாம்பையும் தானே தேடிக்கொள்ளும். கூண்டுக்கோழிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அது தேட முடியாததையெல்லாம் ஓர் ஆள்தான் தேடிக் கொடுக்க வேண்டும். கூண்டு இருக்கும்வரை அந்த ஆளின் திறமை இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே கூலி பேசும்போது எண்ணிக்கையோடு இந்தத் தேர்ச்சிக்கும் விலை வைக்கச் சொல்கிறேன். அந்தத் தேர்ச்சியை முட்டை எடுக்கும்போதே காணலாம். இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று லேசாகத் தட்டிப் பார்க்கிறார்கள்: நல்ல ஓடு கணீரென்கிறது, விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கிறது. மந்த ஒலி கேட்டதும் அந்த முட்டையைத் தனியே வைத்துவிட்டு, எடுத்த கூண்டுக்குத் திரும்பி நடக்கிறார்கள்.